கத்தரிக்காலில் நின்ற தக்காளி

மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் தக்காளி பயிரிட்டுப் பார்த்ததாக எவராவது என்னிடம் சொன்னால், எத்தனை பழம் பறித்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. செடி எந்த வாரத்தில் செத்தது என்றுதான் கேட்பேன். அமங்கலமான கேள்விதான், ஆயினும் அதற்கு வரும் விடையைக் கொண்டே, அவருடைய முற்றத்தைப் பாராமலே, வியாதி இன்னதென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நாற்றுப் பருவத்திலேயே சாய்ந்துவிட்டது என்பாராயின், ஈரம் மிகுந்து அடித்தண்டு அழுகியது என்று பொருள். பூத்துக் குலுங்கி, முதற்கொத்தில் பிஞ்சு கோலிக்குண்டளவு திரண்ட தருணத்தில், இலையெல்லாம் பச்சையாக இருக்கையிலேயே ஒரு நண்பகலில் தலைசாய்ந்தது என்பாராயின், அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஏறக்குறைய முப்பது வருஷம் படித்தேன். இப்போது வீட்டு வாசலில் தக்காளி நாற்று வைத்து விற்கிறவன் என்று தாமான் குடியிருப்பில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டிருப்பதால், அந்தப் பெயருக்கு அடியில் எத்தனை செடிகள் செத்துக் கிடக்கின்றன என்பதையும் சொல்லிவைப்பது நியாயம்.

என் தகப்பனார் இவ்வூரை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், குழாயடித் தண்ணீர் ஓடிவரும் சரிவில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் கீரையும் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் வேலியோரத்தில் மணத்தக்காளியும் தவறாமல் இருக்கும். தக்காளி மட்டும் இராது. அது கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கி, மலாக்கா பாசாருக்கு வந்து, சம்பள நாளில் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும் பதார்த்தம். மற்ற நாட்களில் புளிதான். என் பாட்டி கடைசிவரை அதைச் ‘சீமைத் தக்காளி’ என்றே சொல்லி வந்தார். வெறும் தக்காளி என்றால் அவர் மனத்தில் எழுந்தது தோல்கூட்டுக்குள் காய்க்கும் சிறு காட்டுப்பழமே. நாம்தான் வந்தேறிக்கு ஊர்க்காரியின் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

வந்தேறி என்று நான் குறை சொல்லவில்லை. எங்களுக்குச் சோறு போட்ட ரப்பரும் வந்தேறிதான். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்தைக் கருதி ரப்பர் நட்ட தான் சாய் யான் என்பவர், 1896ஆம் ஆண்டில் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் அதை நட்டார். தென்னமெரிக்காவின் மழைக்காட்டிலிருந்து வந்த அந்த மரம் இவ்வூர்ச் சரளை மண்ணில் தாய்வீடு வந்தாற்போல வளர்ந்தது. அதே கண்டத்தில் பிறந்த தக்காளியோ, ஆண்டீஸ் மலைச் சரிவின் வறண்ட பகலையும் குளிர்ந்த இரவையும் கண்டு பழகிய ஜாதி. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த எங்கள் ஊரில், நடுநிசியிலும் வெப்பம் 24 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் காற்றில், அது தடுமாறாமல் என்ன செய்யும்? 1,500 மீட்டர் உயரத்துக் கேமரன் மலையில் அது செழிப்பதற்கும் இங்கே சாவதற்கும் இதுவே காரணம் என்று வெகுகாலம் நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தில் பாதி உண்மை. மற்றப் பாதியை அறியத்தான் முப்பது வருஷம் பிடித்தது.

தோட்டத்து நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டுவது என் உத்தியோகம். தாய்க்கன்றின் பட்டையைக் கத்தி முனையால் கதவு போலத் திறந்து, உயர்ந்த ரக மரத்தின் கண்ணைச் செதுக்கி உள்ளே வைத்து, நாடாவால் சுற்றிக் கட்டி, மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பச்சை இருக்கிறதா என்று கீறிப் பார்க்கும் வேலை. கை நடுங்கக்கூடாது, கத்தி மழுங்கக்கூடாது, வெட்டிய வாயில் விரல் படக்கூடாது. இருபத்தைந்து வயதில் இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் 1975ஆம் ஆண்டில், பாசாரில் வாங்கிய ஒரு நல்ல மலைத்தக்காளியைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, உடைந்த பால் மங்குகளில் மண் நிரப்பி நாற்றுவிட்டேன். லயத்தின் பின்னால் பதினெட்டுச் செடிகள் நட்டேன். அவை தோளளவு வளர்ந்து மஞ்சள் பூவாகப் பூத்தன. லயத்துப் பெண்கள் வந்து பார்த்து, “பழுத்தா எங்களுக்கும் ரெண்டு குடு தம்பி” என்று முன்பதிவு செய்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஓரத்துச் செடியின் நுனி துவண்டிருந்தது. மாலையில் நிமிர்ந்துவிட்டது; வெயில்தான் என்று சமாதானம் அடைந்தேன். மறுநாள் பாதிச் செடி துவண்டது. நாலாம் நாள் அது நிமிரவில்லை. ஒரு மஞ்சள் இலைகூட இன்றி, பச்சையாகவே, வெந்நீர் ஊற்றிய கீரைபோல் தொங்கியது. பத்து நாளில் அந்த வரிசை முழுவதும் போயிற்று. பண்ணைக்கு வந்திருந்த விவசாய இலாகா அலுவலர் ஒருவரிடம் செடியைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், அடித்தண்டில் ஒரு விரல்நீளம் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் வார்த்து, துண்டின் முனை மட்டும் நீரில் படும்படி பிடிக்கச் சொன்னார். சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று புகைபோல் இறங்கிற்று, பின் இன்னொன்று. என் தகப்பனார் குனிந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, இதுவும் பால் வடிக்குதே!” என்றார். நாற்பது வருஷமாக மரத்திலிருந்து வடியும் பாலை நம்பி ஜீவித்த மனிதர் அவர். தக்காளித் தண்டில் வடிந்த பாலோ கோடிக்கணக்கான கிருமிகளின் திரள்.

அதற்குப் பாக்டீரியா வாடல் என்று பெயர். அந்தக் கிருமியை இன்று ரால்ஸ்டோனியா சோலனேசியாரம் என்று அழைக்கிறார்கள். எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றிலும் அதைக் கண்டு முதலில் விவரித்து எழுதியதும், தான் சாய் யான் ரப்பர் நட்ட அதே 1896ஆம் ஆண்டில்தான். அது மண்ணில் வாழ்வது. வேரில் ஏற்படும் சிறு காயத்தின் வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவது. மேலே எத்தனை நீர் தெளித்தாலும் செடி தாகத்தால் சாகும். அதைக் கொல்ல நாம் தெளிக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை. வெப்பமும் ஈரமும் கூடிய மண் அதற்குச் சொர்க்கம். எங்கள் ஊர் மண்ணுக்கு இவ்விரண்டிலும் குறைவே கிடையாது.

என் பாவங்களை எண்ணிப் பார்த்தால், கிருமிக்கு நான் செய்த உபசாரம் கொஞ்சமன்று. கத்தரி இருந்த இடத்திலேயே தக்காளி நட்டேன். இரண்டும் ஒரே குலம், ஒரே வியாதி. வாய்ப்புண்ணுக்கு ஆகுமென்று அம்மா போற்றி வளர்த்த வேலியோர மணத்தக்காளியும் அக்குலத்ததே. அதன் வேரிலும் கிருமி குடியிருக்கும். களை எடுக்கிறேன் என்று மண்வெட்டியால் வேரைக் கீறினேன். வரிசையின் தலையில் நீரை விட்டுக் கடைசிவரை ஓடச் செய்தேன். நோயும் அதனுடனே ஓடிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கக் கிளைகளை நறுக்கும்போது, எந்தக் கத்தியைக் குறித்துக் கர்வம் கொண்டிருந்தேனோ, அந்தக் கத்தியாலேயே வாடிய செடியையும் வெட்டி நல்ல செடியையும் வெட்டினேன். இன்று வரைக்கும் தக்காளியின் பக்கத்தளிரை நான் இரும்பால் தொடுவதில்லை. காலையில், தண்டு நீரேறி முறுக்காக இருக்கும்போது, விரலால் மடக்கினால் தானே ஒடிந்துவிடும்.

பிறகு பல வருஷம் தரையை விட்டுப் பைக்கு மாறினேன். தேங்காய் நார்த்தூளும் கருக்கிய உமியும் கலந்து, பழைய அரிசிப் பைகளில் நிரப்பி, சிமெண்டுத் தரையில் செங்கல்மேல் வைத்தேன். வாடல் வெகுவாகக் குறைந்தது. அதன் ஸ்தானத்தில் வேறு தொல்லைகள் வந்தன. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் சித்திரை முதல் கார்த்திகை வரைக்கும் விடியற்காலையில் ஜலசந்தியைக் கடந்து வரும் சுமாத்திராக் காற்று என்ற ஒன்று உண்டு. மூன்று நான்கு மணிக்கு இருட்டோடு வந்து, அரைமணியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பழுக்கத் தொடங்கிய காய் அந்த மழையைக் குடித்து, பொழுது விடிவதற்குள் காம்பைச் சுற்றி வெடித்து நிற்கும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூரை போட்ட பின்பே அது நின்றது. அதற்கு நேர்மாறான பாடத்தை 1991ஆம் ஆண்டு கற்பித்தது. டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா முழுவதும் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அவ்வருஷத்தில், குளித்த நீரைச் சேமித்து இரண்டு நாளைக்கொரு முறை செடிக்கு ஊற்றினேன். காயெல்லாம் அடிப்பாகத்தில் கறுத்துத் தோல்போல் சுருங்கின. புழு என்று நினைத்து மருந்தடித்தேன், மூடத்தனம். நீர் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் இல்லாமலும் போனால், நீரோடு ஏறவேண்டிய சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்கு எட்டுவதில்லை. அதுதான் அந்தக் கறுப்பு. பைச்செடிக்கு நாளைக்கு இருமுறை, அளவாக, தவறாமல் நீர் வேண்டும்; வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவன் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுக்கும்போது செடியையும் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும்.

பூ உதிர்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு வெப்பம் தணியாத ஊரில் மலை ரகங்களின் மகரந்தம் பழுதாகிவிடும், பூக்கும், காய்க்காது. ஆகையால் மலைத்தக்காளி விதையைக் கைவிட்டு, மார்டி ஆராய்ச்சி நிலையம் தாழ்நிலத்துக்கென்று வெளியிட்ட எம்.டி. 1 போன்ற ரகத்தையோ, திராட்சைக் கொத்துப்போல் காய்க்கும் சிறு செர்ரித் தக்காளியையோ எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பழம் சிறிதாயிருக்கிறதே என்று மனம் குறைபடுவோருக்கு நான் நாற்றுக் கொடுப்பதில்லை. மற்றொன்று, வண்டு. தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு மூடிய குழலுக்குள் இருக்கிறது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும் கருவண்டு வந்தால்தான் அது நன்றாகக் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தோட்டத்துப் பழைய பலகை வீட்டின் உத்தரத்தைத் துளைத்துக் கருவண்டு குடியிருந்தது. அதன் மரத்தூள் சோற்றுப்பானையில் விழுகிறதென்று என் மனைவி ஓயாமல் முறையிட்டாள். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் தாமான்களும் எழுந்து, நாங்களும் சிமெண்டு வீட்டுக்கு வந்த பிறகு, சோற்றுப்பானை சுத்தமாயிற்று, காய்ப்பு பாதியாயிற்று. அதுமுதல் காலை ஒன்பது பத்து மணிக்குள் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் விரலால் சுண்டிவிடுவது என் நித்திய கருமம். அதைப் பார்த்துவிட்டு என் பேரன், தாத்தா செடிக்குக் கேரம் ஆடுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 2005ஆம் ஆண்டு வாக்கில், என் கைக்கு ஒரு சிறு கையேடு வந்தது. தைவானில் 1971ஆம் ஆண்டு தோன்றிய ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம் வெளியிட்டது. அதில் வெப்பநாட்டுத் தாழ்நிலங்களில் வாடலைத் தடுக்க, தக்காளித் தலையைக் கத்தரி வேரின்மேல் ஒட்டுக்கட்டும் முறை படங்களோடு விளக்கப்பட்டிருந்தது. கத்தரிக்கும் வாடல் உண்டெனினும், அதை எதிர்த்து நிற்கும் ரகங்களை அவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அத்தகைய கத்தரியின் வேர், நீர் தேங்கிய மண்ணிலும் தக்காளி வேரைப்போல் உடனே மூச்சடைத்துப் போவதில்லை. படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொழுது விடிந்தால் பொழுது போனால் ஒட்டுக்கட்டியே வயிறு வளர்த்தவன், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! மரத்துக்குத்தான் ஒட்டு, மூன்று மாதத்துச் செடிக்கு எதற்கு என்ற அலட்சியம் அன்றி வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முறை மிகச் சிறியது. ஆனால் ரப்பரில் பழகிய கையை அது மறுபடியும் குழந்தையாக்கிவிட்டது. கத்தரி முளைக்கச் சுணங்குமாதலால் அதை மூன்று நாள் முன்னதாக விதைக்க வேண்டும். இரண்டும் இரண்டு மூன்று இலை விட்டு, தண்டு தீக்குச்சி பருமனுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது, சவர அலகால் இரண்டையும் ஒரே சாய்வில் அறுத்து, கத்தரியின் அடியையும் தக்காளியின் தலையையும் ஒரு சிறு ரப்பர்க் குழலுக்குள் இருபுறமிருந்தும் செருகி, வெட்டுவாய்கள் ஒன்றையொன்று தொடும்படி நிறுத்தவேண்டும். குழலுக்கு நான் வாங்குவது சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு ரப்பர். அதை நகக்கண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்வேன். அதன்பின் மூன்று நாள் இருட்டு. பிறகு சிறிது சிறிதாக வெளிச்சம். எட்டுப் பத்து நாள்வரை ஈரக்காற்று. இதற்கென என் மனைவியின் பழைய துணிக்கூடையைக் கவிழ்த்து, மேலே நனைத்த சாக்கும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடினேன். முதல் முறை ஐம்பதுக்குப் பதினொன்று பிழைத்தன. ரப்பரில் இந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் மேற்பார்வை மண்டோர் என்னைப் பால் வெட்டத் துரத்தியிருப்பார். இப்போது ஐம்பதுக்கு நாற்பதுக்குக் குறைவதில்லை. சுண்டை வேரிலும் கட்டிப் பார்த்தேன்; வாடல் தொடவில்லை, ஆனால் ஒட்டுவாய் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து, காய் பாரத்தில் சில முறிந்தன. என் கைக்குக் கத்தரிதான் ஒத்துவந்தது.

பிழைத்த அந்தப் பதினொன்றையும் அதே பழைய அகங்காரத்தோடு நட்டேன். தக்காளியை எவ்வளவு ஆழமாக நட்டால் அவ்வளவு வேர் விடும் என்பது யாவரும் அறிந்தது. தண்டிலேயே வேர் விடுகிற சுபாவம் அதற்கு உண்டு. ஆகவே கழுத்தளவு புதைத்தேன். நாற்பதாம் நாள் ஒன்பது செடிகள் வாடின. பிடுங்கிப் பார்த்தால், கத்தரி வேர் கீழே திடமாக இருக்கிறது. அதற்குமேல் புதையுண்ட தக்காளித் தண்டு தன் சொந்த வேரை மண்ணில் இறக்கி, அந்த வழியே மரணத்தை வரவழைத்துக்கொண்டிருக்கிறது. தம்ளரில் பிடித்தேன், பால் வடிந்தது. தகப்பனார் அப்போது இல்லை. ஆழமாக நட இடமில்லாமல் தொட்டி ஓரத்தில் மேலோட்டமாகச் செருகிவைத்த இரண்டு மட்டும் ஏழு மாதம் காய்த்தன.

வீட்டுக்குள் வளர்ப்பதைப் பற்றி 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகுதான் பலர் கேட்கத் தொடங்கினர். அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு தொழிற்சாலைப் பெண், “தாத்தா, எங்க வீட்டு நடைபாதையில காலையில மட்டுந்தான் வெயிலு. காய்க்குமா, சும்மா இலையா நிக்குமா?” என்று கேட்டாள். நாலு மணி நேர வெயிலுக்குச் செர்ரி ரகம் காய்க்கும். பெரிய பழம் காய்க்காது என்றேன். ஒரு பை, ஒரு கொடிக்கயிறு, ஏ, பி என்று இரு புட்டிகளில் விற்கும் கரைசல் உரம், இவ்வளவுதான் அவள் மூலதனம். அவற்றை ஏன் ஒரே புட்டியில் தருவதில்லை என்று கேட்டாள்; புட்டிக்குள் கெட்டியாக அவை சேர்ந்தால் சுண்ணாம்புச் சத்து மற்றதோடு கட்டிப்பட்டு அடியில் தங்கிவிடும், ஆகையால் நீரில்தான் சேரவேண்டும் என்று விளக்கினேன். அந்தப் போகத்தில் நாற்பத்து மூன்று பழம் பறித்ததாக எண்ணி வைத்துச் சொன்னாள். வெயிலே நுழையாத அறையில் எல்.இ.டி. விளக்கின் கீழ் காய்க்க வைப்பவர்களும் உண்டு. நானும் செய்து பார்த்தேன். செடிக்கு ஒரு சாண் மேலே விளக்கு, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம். ராப்பகலாக எரித்தால் இலை வெளிறும், தக்காளிக்கும் உறக்கம் வேண்டும். காய்த்தது. மின்கட்டணத்தையும் பழத்தையும் நிறுத்துப் பார்த்து, நாற்று வளர்க்க மட்டுமே அந்த விளக்கு லாபம் என்ற அபிப்பிராயத்துக்கு வந்தேன்.

வீட்டுக்குள் செய்யவேண்டிய உண்மையான காரியம் பழுக்க வைப்பது. 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் தக்காளிக்குச் சிவப்பு நிறம் ஊறாது, மஞ்சளாகவே முதிர்ந்துவிடும். காயின் முனையில் இளஞ்சிவப்பு படர்ந்த அன்றே பறித்து, அரிசிப்பானைக்குள் ஒரு வாழைப்பழத்துடன் வைத்து மூடினால் நாலைந்து நாளில் நன்கு சிவக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் மணம் போகும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு ரதத்தின் பின்னே போய்த் திரும்புகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் வைக்கும் ரசம், பல வருஷமாக அந்தப் பானைப் பழத்தில்தான்.

மாசியில் பழம் வேண்டுவோர் ஐப்பசியில் விதைக்கவேண்டும். கார்த்திகைக் கடைசியில் என் வாசலில் ஒட்டு நாற்று கிடைக்கும், ஒன்று ஐந்து வெள்ளி. வாங்கிப்போய்ப் பையிலோ தரையிலோ, விருப்பம்போல் நடுங்கள். நட்டு முடித்ததும் ஒருமுறை குனிந்து, ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே நாலு விரற்கடை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.